மழைக் கண்ணாடியும் இரண்டு சாட்சிகளும்

காரின் முன்கண்ணாடியில் நீர்விலக்கிப் பூச்சைத் தேய்ப்பது சில நிமிட வேலை. ஆனால் காரைச் செய்தவரே கையேட்டில் 'தேய்க்க வேண்டாம்' என்று அச்சிட்டிருக்கும்போது அதைத் தேய்ப்பவர், தத்துவம் நெடுங்காலமாக விவாதித்துவரும் ஒரு கேள்விக்குத் தம்மளவில் விடை சொல்லிவிடுகிறார். அறிந்தவர் சொல்லும் தன் கண் கண்டதும் முரண்பட்டால் எதை நம்புவது? வேதத்தின் தகுதியைப் பற்றியும் அற்புதச் செய்திகளைப் பற்றியும் பேசியவர்கள் இதைத்தான் விவாதித்தார்கள். கண்ணாடிப் பூச்சில் இதே கேள்வி கைக்கு எட்டும் அளவில் வந்து நிற்கிறது. அதற்குத் தவறான விடை சொன்னால் விளைவைச் சாலையில் நடந்து போகிறவரும் சேர்ந்து அனுபவிக்க நேரலாம்.

முதலில் பூச்சு. சுத்தமான கண்ணாடி தண்ணீரை ஈர்க்கும் இயல்புடையது. அதன்மேல் விழும் துளி பரந்து படலமாகிவிடும். துளியின் விளிம்பு கண்ணாடியோடு சேரும் தொடுகோணம் மிகச் சிறியதாக இருக்கும். சிலிகான் அல்லது ஃப்ளூரின் சேர்ந்த மூலக்கூறுகள் கண்ணாடிப் பரப்பில் மெல்லிய அடுக்காகப் பிணைந்துவிட்டால் அந்தக் கோணம் 100 பாகை அளவுக்கு உயர்கிறது. நீர் பரவுவதை விட்டு உருண்டு திரள்கிறது. வண்டி வேகம் பிடித்ததும் எதிர்க்காற்று அந்தத் துளிகளை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு போய்விடும். அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் யுனெல்கோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ரெயின்-எக்ஸ் இவ்வகையில் பரவலாகப் பெயர் பெற்றது. பூச்சினால் பலன் உண்டு என்பதை விளம்பரத்தை நம்பித்தான் ஏற்க வேண்டும் என்பதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 1997இல் வெளியிட்ட ஆய்வில், நனைந்த கண்ணாடி வழியே பார்க்கும் ஓட்டுநரின் பார்வைக் கூர்மை பூச்சினால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மேம்பட்டது. சிறிய பொருளை இனங்காண ஆகும் நேரமும் குறைந்தது.

அப்படியிருக்க வண்டி செய்பவர் ஏன் தடுக்கிறார்? தெளிவான எடுத்துக்காட்டு ஜப்பானின் சுபாரு நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய ஐசைட் என்னும் ஓட்டுநர் உதவி அமைப்பு. கண்ணாடிக்கு உட்புறம், மேல் விளிம்பை ஒட்டி, இரண்டு கேமராக்கள் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மனிதனின் இரு கண்களைப் போலவே அவை ஒரே பொருளைச் சற்று வேறுபட்ட இரு இடங்களிலிருந்து பார்க்கின்றன. இரு படங்களிலும் அப்பொருள் எவ்வளவு விலகித் தெரிகிறது என்பதிலிருந்து தொலைவு கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கை வைத்தே அமைப்பு முன்வண்டிக்கு இடைவெளி விடுகிறது, மோதும் நிலை வந்தால் தானே பிரேக் போடுகிறது. பொருள் தொலைவில் இருக்க இருக்க இந்த விலகல் சிறுத்துக்கொண்டே போகும். ஆகவே கண்ணாடியில் ஏற்படும் நுண்ணிய பிறழ்ச்சிகூட தொலைவுக் கணக்கில் பெரிய பிழையாகிவிடலாம். உருண்டு நிற்கும் ஒவ்வொரு நீர்த்துளியும் ஒரு குட்டி லென்ஸ். இடப்பக்கக் கேமராவின் முன் நிற்கும் துளி வலப்பக்கக் கேமராவின் முன் இருப்பதில்லை. வைப்பர் வழித்த சீரான படலத்தின் வழியே பார்க்கும் பார்வை இதிலிருந்து வேறானது. இந்த அமைப்புக்கான கையேடு, முன்கண்ணாடியில் கண்ணாடிப் பூச்சுகளையோ அவற்றை ஒத்த பொருள்களையோ பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தினால் அமைப்பின் சரியான இயக்கம் பாதிக்கப்படலாம் என்று சொல்கிறது.

மழை உணரியின் கதையும் கிட்டத்தட்ட இதே. கண்ணாடிக்குள் சாய்வாகச் செலுத்தப்படும் அகச்சிவப்பு ஒளி, வெளிப்பரப்பு உலர்ந்திருந்தால் முழு அக எதிரொளிப்பால் திரும்பி வரும். நீர் பட்ட இடத்தில் ஒரு பகுதி வெளியேறிவிடும். திரும்பும் ஒளி குறைந்தால் வைப்பர் ஓடத் தொடங்கும். பூச்சு இட்ட பரப்பில் துளி கண்ணாடியைத் தொடும் பரப்பளவே மாறிவிடுவதால் உணரியின் கணிப்பும் மாறக்கூடும். வைப்பர் இலை வழுக்காமல் அதிர்ந்து குதிப்பது இன்னொரு தொல்லை. அதில் உயிருக்கு ஆபத்தில்லை என்பதால் அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

இனி கேள்விக்கு வரலாம். கையேட்டுக்காரர் சொல்வது ஒருவகைச் சான்று. இந்திய அளவையியல் அதைச் சொல் அல்லது ஆகமம் என்று பெயரிட்டுக் காட்சிக்கும் அனுமானத்துக்கும் அருகில் வைக்கிறது. மணிமேகலையில் சமயக்கணக்கர் பேசும் காதை அளவைகளைப் பத்தாக எண்ணுகிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பிறர் சொல்லும் நீண்ட பட்டியல்களைக் காட்சி, கருதல், உரை என மூன்றில் அடக்குகிறது. எண்ணிக்கை எதுவானாலும் பிறர் சொல்லால் வரும் அறிவுக்கு இரண்டு பட்டியலிலும் இடம் உண்டு. எவர் சொல் அளவையாகும் என்பதற்கு மிகச் செறிவான விடை தந்தவர் நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர். சொல்பவர் அப்பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும். அறிந்தபடியே பிறருக்கு உணர்த்தும் விருப்பம் அவருக்கு இருக்க வேண்டும். உணர்த்தும் ஆற்றலும் வேண்டும். இந்த இலக்கணம் முனிவருக்கும் அயல்நாட்டாருக்கும் ஒன்றே என்று அவர் சேர்த்துச் சொல்வது குறிப்பிடத்தக்கது. நம்பகம் என்பது பதவியாலோ பிறப்பாலோ வருவதில்லை, குறிப்பிட்ட பொருளைப் பற்றிய அறிவால் வருகிறது என்பதே அதன் உட்கிடை.

இந்த உரைகல்லில் தயாரிப்பாளரை உரசிப் பார்த்தால் விடை கலவையாக இருக்கிறது. கேமராவின் கணிப்பு எந்த அளவுப் பிறழ்ச்சியைத் தாங்கும் என்பதை அவரைவிட நேராக அறிந்தவர் இல்லை. சந்தையில் கிடைக்கும் ஒவ்வொரு பூச்சையும் அவர் சோதித்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. பூச்சில்லாத கண்ணாடியை அடிப்படையாக வைத்தே அமைப்பு சோதிக்கப்பட்டிருந்தால் அதுவே போதுமான காரணம். சிக்கல் இரண்டாவது நிபந்தனையில்தான் எழுகிறது. எச்சரிக்கையை எழுதும் கை பொறியாளருடையது மட்டுமன்று, வழக்கறிஞருடையதும்கூட. அமெரிக்கச் சட்டக் கழகம் 1965இல் வெளியிட்ட உரிமையியல் தீங்குகள் பற்றிய தொகுப்பின் 402ஏ பிரிவு விளக்கம், விற்பவர் எச்சரித்துவிட்டால் வாங்குபவர் அதைப் படித்து நடப்பார் என்று அவர் கருதிக்கொள்ளலாம் என்றது. ஜப்பானும் 1994இல் தயாரிப்புப் பொறுப்புச் சட்டத்தை இயற்றியது. இப்படிப்பட்ட சூழலில் எச்சரிக்கை கூடக்கூட எழுதுபவருக்குப் பாதுகாப்பு கூடுகிறது. வழக்குக்கு அஞ்சி எழுதப்பட்டதால் ஒரு வாக்கியம் பொய்யாகிவிடாது. ஆனால் பெரிய தீங்குக்கும் சிறிய தீங்குக்கும் 'பாதிக்கப்படலாம்' என்ற ஒரே சொல் வரும்போது, படிப்பவர் தீங்கின் அளவை அதிலிருந்து கணிக்க வழியில்லாமல் போகிறது. எல்லா எச்சரிக்கைகளையும் ஒன்றுபோல் புறக்கணிக்கும் பழக்கம் மக்களிடம் வளர்வதற்கு எழுதுபவர்களும் பொறுப்பாளிகள். அந்தப் பழக்கம் உண்மையான எச்சரிக்கையையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

சொல்லை எந்த நிலையிலிருந்து அணுகுவது என்பதிலும் கருத்து வேறுபாடு பழையது. ஓர் அறிவு பொய்யென்று காட்டப்படும் வரை தன்னளவிலேயே செல்லும் என்பது வேத விதிகளை ஆராயும் மரபினரான மீமாம்சகர் கட்சி. அதன் மெய்ம்மைக்கு வெளியிலிருந்து ஆதாரம் வேண்டும் என்பது நியாய மரபினரான நையாயிகர் கட்சி. மீமாம்சகருக்கு இந்த நிலைப்பாடு சமயத் தேவையும் ஆகும், வேதத்தின் தகுதியை வேறெதையும் சாராமல் நிறுத்த அது உதவியது. ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் தாமஸ் ரீடும் டேவிட் ஹியூமும் பிறர் சொல்லைப் பொறுத்தவரை முறையே ஏறத்தாழ இதே எதிரெதிர்க் கரைகளில் நின்றார்கள். எந்தக் கரையில் நின்றாலும் அடுத்த வினா ஒன்றே: சொல்லைத் தள்ளுவதற்குப் போதுமான எதிர்ச்சான்று எது?

பூச்சு போடுபவர் கொண்டுவரும் எதிர்ச்சான்று அனுபவம். பல மழைக்காலம் ஓட்டியாயிற்று, கோளாறு எதையும் காணவில்லை, ஆகவே கோளாறு இல்லை என்பது அவர் வாதம். காணாமையிலிருந்து இன்மைக்குப் போகும் இந்த வாதத்தை இந்தியத் தத்துவம் அளவுக்கு நுட்பமாக ஆராய்ந்த மரபுகள் குறைவு. 7ஆம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த மீமாம்சகரான குமாரிலபட்டர் இன்மையை அறிவிக்கும் காணாமையைத் தனி அளவையாகவே கொண்டார். மீமாம்சத்தின் மற்றொரு பிரிவினரான பிராபாகரர் அதை ஏற்கவில்லை. நையாயிகர் இன்மையும் காட்சியாலேயே அறியப்படுகிறது என்றார்கள். பௌத்தரான தர்மகீர்த்தி அதை அனுமானத்தில் சேர்த்தார். ஆனால் காணாமை எப்போது செல்லும் என்பதில் குமாரிலர் மரபும் நியாய மரபும் தர்மகீர்த்தியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். பொருள் அங்கே இருந்திருந்தால் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும் என்ற தகுதி இருக்கும்போது மட்டுமே காணாமை இன்மைக்குச் சான்றாகும். வெளிச்சமுள்ள அறையில் தரையைப் பார்த்து 'குடம் இல்லை' என்று சொல்லலாம். அதே அறையில் 'பிசாசு இல்லை' என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது, ஏனெனில் இருந்தாலும் தெரியாத ஒன்றைத் தெரியவில்லை என்று சொல்வதில் எந்தச் செய்தியும் இல்லை. இது பழைய உரையாசிரியர்களின் எடுத்துக்காட்டு.

இந்த நிபந்தனையைக் கண்ணாடிக்குப் பொருத்தினால் குழப்பம் தெளிகிறது. ஓட்டுநர் தம் கண்ணுக்குச் சாலை தெளிவாகத் தெரிகிறது என்று சொல்வது முழுத் தகுதியுள்ள சாட்சியம். மங்கியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் மங்கவில்லை. அதுவே கேமராவைப் பற்றிய சாட்சியமாக மாறும்போது தகுதி மறைந்துவிடுகிறது. கேமரா முன்வண்டியின் தொலைவைத் தவறாகக் கணித்திருந்தால், அல்லது ஒரு பாதசாரியை அரை நொடி தாமதமாக இனங்கண்டிருந்தால், அது இருக்கையில் அமர்ந்திருப்பவரின் அறிவுக்கு எட்டுவதில்லை. தானியங்கிப் பிரேக் உண்மையில் தேவைப்படும் தருணம் பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு ஆண்டுக்கணக்கில் வருவதே இல்லை. வராத தேர்வில் தோற்கவில்லை என்பது தேர்ச்சி ஆகாது. இங்கே பெரும்பாலான வாதங்கள் நிலைகுலைகின்றன. அனுபவம் பொய் சொல்வதால் அப்படி நேர்வதில்லை. ஒரு கண்ணைப் பற்றி அது சொன்ன உண்மை வேறொரு கண்ணின் கணக்கில் எழுதப்படுகிறது.

ஜான் லாக் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய மனித அறிவு பற்றிய நூலில் இதற்கு உறவான ஒரு கதை உண்டு. தம் நாட்டில் குளிர்காலத்தில் தண்ணீர் இறுகி யானையையும் தாங்கும் என்று டச்சுத் தூதர் சொன்னதும் சயாம் மன்னர், அதுவரை நம்பியிருந்த அந்த மனிதர் பொய்யர் என்று முடிவு கட்டிவிடுகிறார். தண்ணீரைப் பற்றிய மன்னரின் அனுபவத்தில் குறையொன்றும் இல்லை. உறைநிலைக் குளிரைத் தொடாத அனுபவம் உறைநிலையைப் பற்றிச் சான்று சொல்ல முடியாது என்பதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

இருந்தாலும் கோளாறுகள் எல்லாம் மறைவானவை அல்ல. இத்தகைய அமைப்புகள் கேமராவின் பார்வை மறைக்கப்பட்டதாக உணர்ந்தால் தம்மைத் தாமே நிறுத்திக்கொண்டு முகப்புப் பலகையில் அறிவிக்கின்றன. மழை உணரி தவறினால் வைப்பர் காரணமின்றி ஓடும், அல்லது ஓட வேண்டிய நேரத்தில் சும்மா நிற்கும். இவை குடத்தின் இனம். இவற்றைக் காணவில்லை என்று ஓட்டுநர் சொன்னால் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. மழை உணரியைப் பற்றிய எச்சரிக்கையை அனுபவத்தால் சோதித்து விலக்குவது அறிவுக்கு ஒத்தது. தொலைவுக் கணிப்பைப் பற்றிய எச்சரிக்கையை அதே வழியில் விலக்குவது ஒத்ததன்று. ஒரே பக்கத்தில் அச்சான இரண்டு எச்சரிக்கைகளுக்கு இருவேறு விடைகள் சரியாக இருக்கலாம்.

அடுத்து, எச்சரிக்கைக்குச் சொல்லப்பட்ட காரணத்தைப் பிடித்துக்கொண்டு பயனர் தாமே மேலே யோசிக்கலாமா? கேமராவுக்காகத்தான் தடை என்றால் கேமரா பார்க்கும் பகுதியை விட்டுவிட்டு மற்ற இடத்தில் பூசலாமே என்று பலரும் கேட்கிறார்கள். மீமாம்ச சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் இதே வடிவில் ஒரு வழக்கு இருக்கிறது. ஒரு வேள்வியில் முறத்தைக் கொண்டு ஆகுதி இட வேண்டும் என்று விதி வருகிறது. முறத்தால் உணவு ஆயத்தமாகிறது என்று காரணம்போல் ஒரு தொடரும் வருகிறது. அந்தத் தொடர் உண்மையான காரணமானால் உணவு சமைக்க உதவும் அகப்பையும் பானையும்கூட ஆகுதிக்குத் தகுதி பெற்றுவிடும். அது புகழ்ச்சி மட்டுமே, காரணம் அல்ல, ஆகவே முறம்தான் என்று மீமாம்சகர் தீர்ப்பளிக்கிறார்கள். அவர்கள் கொள்கைப்படி வேதத்துக்கு ஆசிரியர் இல்லை. ஒருவரின் நோக்கத்தை ஊகித்து விதியை விரிக்க அங்கே இடமே இல்லை. கையேட்டின் நிலை நேர்மாறானது. அதை எழுதியவர்கள் உண்டு, அவர்களுக்கு நோக்கம் உண்டு, அந்த நோக்கம்தான் தடையின் உயிர். ஆகவே காரணத்திலிருந்து யோசிப்பது இங்கே நியாயமானதே. கேமராவும் உணரியும் இல்லாத பழைய வண்டிக்கு இந்தத் தடை பொருந்தாது என்று முடிவு செய்பவர் சரியாகவே யோசிக்கிறார்.

ஆனால் காரணத்திலிருந்து யோசிப்பவர் அதை முடிவு வரை யோசிக்க வேண்டும். கேமராப் பகுதியை விட்டுப் பூசினாலும் வைப்பர் இலை பூச்சைத் தாங்கிக்கொண்டு கண்ணாடி முழுதும் போய்வருகிறது. பூசிய இடத்திலிருந்து காற்று மேலே தள்ளும் துளிகள் கேமரா இருக்கும் மேல் விளிம்பை நோக்கியே ஓடுகின்றன. நோக்கத்தைப் பாதிவரை பின்பற்றி வசதியான இடத்தில் நின்றுகொள்வதைவிட, காரணம் கேட்காமல் விதியைப் பின்பற்றுவதே இங்கு பாதுகாப்பு. சட்டத் தத்துவ அறிஞர் ஜோசப் ராஸ் 1986இல் வெளிவந்த தம் நூலில் அதிகாரத்துக்குக் கொடுத்த நியாயம் இதை ஒட்டியது: தன் சொந்தக் கணிப்பைவிடப் பிறர் சொல்லைப் பின்பற்றும்போது தனக்கு ஏற்கெனவே பொருந்தும் காரணங்களுக்கு இன்னும் நன்றாக இணங்க முடியுமானால், அந்த அளவுக்கு மட்டும் அந்தச் சொல்லுக்கு அதிகாரம் உண்டு. கேமரா விஷயத்தில் தயாரிப்பாளர் இந்த அளவுகோலைத் தாண்டுகிறார். ஓட்டுநரின் கண் விஷயத்தில் அவருக்கு அப்படியொரு மேலிடம் கிடையாது.

பூசாமல் இருப்பது தீங்கற்ற நடுநிலை என்று எண்ணுவதும் தவறு, மிச்சிகன் ஆய்வு அதைத்தான் காட்டுகிறது. அடைமழை இரவில் எதிர்விளக்குகள் நீர்ப்படலத்தில் சிதறும்போது சாலையோரம் நடப்பவரை முதலில் காண வேண்டியது மனிதக் கண்; அதற்கு உதவும் பூச்சு அந்தப் பாதசாரிக்கும் உதவுகிறது. அதே பாதசாரிக்குக் கடைசிக் காவல் தானியங்கிப் பிரேக். அதற்கு ஊறு செய்யும் பூச்சு அவருக்கு ஊறு செய்கிறது. எனவே ஒரே மனிதரின் பாதுகாப்பு தட்டின் இரு பக்கத்திலும் இருக்கிறது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வகுத்த தீங்குக் கொள்கையை ஏற்பவர்கூட 'என் வண்டி, என் விருப்பம்' என்று சொல்லி இங்கே தப்ப முடியாது, ஏனெனில் இரு பக்கத்திலும் நிற்பவர் வண்டிக்காரர் அல்லர். பழி மட்டும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. கையேட்டை மதித்து, படலம் மூடிய கண்ணாடி வழியே பார்க்கத் தவறியவரை உலகம் துரதிருஷ்டசாலி என்கிறது. பூசியவரின் பிரேக் தவறினால் விதியை மீறியவர் என்கிறது. செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் மனிதர் வேறு வேறு விலை வைப்பது சட்டத்தில் புரிந்துகொள்ளக்கூடியது. முடிவெடுக்கும் ஓட்டுநர் அந்த விலையையே தீங்கின் அளவாக எடுத்துக்கொண்டால், தம்மைக் காப்பதையும் பிறரைக் காப்பதையும் ஒன்றென்று கருதிவிடுகிறார்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் வண்டிக்கு வண்டி முடிவு வேறாவது இயல்பு. கண்ணாடிக்குப் பின்னால் மனிதக் கண் மட்டும் இருக்கும் வண்டியில் பூச்சு போடுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. இரட்டைக் கேமராவை நம்பி ஓடும் வண்டியில் கையேட்டின் சொல்லே மேல். தெளிவு வேண்டுபவருக்குப் புதிய வைப்பர் இலையும் எண்ணெய்ப் படிவு நீங்கத் துடைத்த கண்ணாடியும் பூச்சின் நன்மையில் ஒரு பகுதியையாவது எந்தத் தடையையும் மீறாமல் தந்துவிடும். ஏற்கெனவே பூசிவிட்டவர் கண்ணாடிக்கென்று விற்கும் மெருகுப் பசையால் தேய்த்து அதை எடுத்துவிடலாம்; எதுவும் செய்யாவிட்டாலும் காலப்போக்கில் அது தேய்ந்து போகும்.

பூச்சைத் தெரிந்தே வைத்துக்கொண்டு ஓட்டுபவருக்கு ஒரு கடமை மிஞ்சுகிறது. அவர் பூச்சைப் பற்றி நேரே அறிந்தவர். அதே வண்டியை ஓட்டும் மகனோ சம்பள ஓட்டுநரோ நாளை விலைக்கு வாங்குபவரோ அறியாதவர். அவர்கள் பிரேக் தானாகப் பிடிக்கும் என்று தயாரிப்பாளரின் சொல்லை நம்பி அமர்கிறார்கள், அந்தச் சொல் பூச்சில்லாத கண்ணாடிக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. வாத்ஸ்யாயனர் சொன்ன மூன்று நிபந்தனைகளும் இப்போது தயாரிப்பாளரிடமிருந்து இடம்பெயர்ந்து பூசியவரிடம் வந்துவிடுகின்றன. எந்தப் பூச்சு, கண்ணாடியின் எந்தப் பகுதியில், எப்போது போடப்பட்டது என்பதை வண்டியை ஒப்படைக்கும்போதும், கேமராவைச் சீரமைக்கப் பணிமனையில் விடும்போதும் அவர்தான் சொல்ல வேண்டும்.